அதிகார வால் வாசல்

"வாகன மின்னணுப் பாதுகாப்பு வல்லுநர், முதல் நிலை. இச்சான்றிதழைப் பெற்றவர் செய்முறைக் கையேட்டை முழுமையாக வாசித்து, ஐயமறப் புரிந்துகொண்டு, குறித்த நேரத்தில் பணியை முடிப்பவர். முடித்த பணியை மும்முறை சரிபார்ப்பவர்."

கார் சாமான்கள் பொருத்தும் அந்தக் கடையில், முதலாளியின் நாற்காலிக்கு மேலே கண்ணாடிச் சட்டத்துக்குள் இந்த வாசகம் தொங்குகிறது. கீழே ஒட்டியிருக்கும் புகைப்படத்தில் கடையின் ஃபிட்டர் கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு, மூச்சை அடக்கியபடி முறைக்கிறார். மூன்று நாள் பயிற்சிக்கு அனுப்பப்பட்ட அவர் இரண்டாம் நாள் மத்தியானமே திரும்பி வந்துவிட்டார். சான்றிதழ் மட்டும் மூன்று நாளும் இருந்துவிட்டு வந்தது.

கடையில் அவருக்குப் பெயர் 'ரெண்டு நிமிஷம்'. யார் வந்து எந்த வேலையைச் சொன்னாலும், "ரெண்டே நிமிஷம், உக்காருங்க" என்பார். உட்கார்ந்தவர்கள் டீ குடித்து, பேப்பர் படித்து, அந்தப் பேப்பரில் இருந்த குறுக்கெழுத்தையும் போட்டு முடித்திருப்பார்கள். ஆனால் ஒயர் விஷயத்தில் அவர் விரல்களுக்கு ஒரு தனி அறிவு உண்டு. டாஷ்போர்டுக்குள் கையை விட்டு, கண்ணை மூடிக்கொண்டு, நாற்பது ஒயரில் வேண்டிய ஒன்றைப் பிடித்து வெளியே இழுப்பார். இந்த அறிவு இருந்ததால்தான் மற்ற அறிவு எதற்கும் அவசியம் நேரவில்லை.

ஒன்பது வருடம் கடையின் பின்புறத்தில் தண்ணீர்க் குழாய் பிடித்து வண்டி கழுவியவர் அவர். பாதம் எப்போதும் ஊறி வெளுத்துக் கிடந்த காலம் அது. அதற்குப் பிறகுதான் முன்பக்கம், ஃபிட்டர் மேஜைக்கு வந்தார். மேஜைக்கு மேலே ஒரு மின்விசிறி உண்டு. உலகத்தில் அவர் அடைந்த பதவி அந்த மின்விசிறிக்குக் கீழே இருக்கும் ஸ்டூல்தான்.

பிக்கப் வண்டிகளின் பின்கதவை ரிமோட்டில் பூட்டும் கிட் சந்தைக்கு வந்தபோது, கடை அதை நன்றாகவே விற்றது. முன்கதவு இரண்டும் ரிமோட்டில் பூட்டிக்கொள்ளும். பின்கதவை மட்டும் சாவியைக் குத்தித் திருப்ப வேண்டும், அதை யாரும் திருப்புவதில்லை. இந்த கிட்டில் கட்டைவிரல் அளவு மோட்டார் ஒன்று, ஒரு கம்பி, நீலமும் பச்சையுமாக இரண்டு ஒயர். பின்கதவின் உள்தகட்டைக் கழற்றி மோட்டாரைப் பொருத்தி, ஒயரை வண்டிக்கு அடியில் கொண்டுபோய் சென்ட்ரல் லாக்கில் சேர்த்துவிட்டால், ஒரே அமுக்கில் எல்லாக் கதவும் பூட்டிக்கொள்ளும். முதல் பெட்டிச் சரக்கு முழுவதையும் அவர் இப்படித்தான் பொருத்தினார். ஒரு குறையும் வரவில்லை.

இரண்டாவது பெட்டியோடு தமிழில் ஒரு தாள் வந்தது. 'ரிமோட் பவர் டெயில்கேட் லாக்' என்பதை எந்த நாட்டு இயந்திரம் மொழிபெயர்த்ததோ, தலைப்பே இப்படி இருந்தது: 'தொலைதூர அதிகார வால் வாசல் பூட்டு.'

"என்னது, அதிகார வாலா?" என்றார் முதலாளி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு.

"முதலாளி, இன்னும் கேளுங்க. 'வாலைத் திறந்து மோட்டாரைப் படுக்க வைக்கவும்.'"

"தாலாட்டுப் பாடணுமான்னு போட்டிருக்கா?"

"'மோட்டார் அழுதால் கம்பியைத் தளர்த்தவும்.'"

கடையே வயிற்றைப் பிடித்துக்கொண்டது. பக்கத்து பேட்டரிக் கடைக்காரர் வந்து படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மூன்று நாள், யார் வந்தாலும் தாளைக் காட்டினார்கள். நாலாம் நாள் அதை மேஜையில் விரித்து, மேலே கிரீஸ் டப்பாவை வைத்துவிட்டார்கள். அத்தனை பேர் படித்த தாளில் ஐந்தாவது வரியைத் தாண்டியவர் ஒருவரும் இல்லை. அதற்குள் சிரிப்பு வந்துவிடும்.

இந்த இரண்டாவது பெட்டியில் இருந்து ரெண்டு நிமிஷம் ஏழு வண்டிகளுக்குப் பூட்டு போட்டார். மும்முறை சரிபார்ப்பதற்கு அவரிடம் சொந்தமாக ஒரு முறை இருந்தது. ரிமோட்டை அமுக்குவார். பின்கதவுக்குள் 'டக்' என்று கேட்கும்.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சுண்ணே."

"அவ்வளவுதான்."

வாடிக்கையாளருக்கும் அந்தச் சத்தம்தான் வேண்டியிருந்தது. சிலர் வீட்டுக்காரம்மாவைக் கூப்பிட்டு, "இங்க வா, கேளு" என்று இன்னொரு தடவை அமுக்கிக் காட்டினார்கள். ஏழு பேரும் போனில் ஐந்து ஐந்து நட்சத்திரம் போட்டார்கள். முதலாளி அதை அச்சடித்து வாசலில் ஒட்டினார்.

எட்டாவதாக வந்தது அவருடைய அக்காவின் பிக்கப்.

அக்கா, கட்டட வேலைக்குத் தரை இழைக்கும் இயந்திரமும் துளை போடும் இயந்திரமும் வாடகைக்கு விடுகிறவள். தம்பியின் கடைக்கு அவள் வந்ததே இல்லை. சின்ன வயதில் அவளுடைய ரேடியோவை ரெண்டே நிமிஷத்தில் சரிசெய்கிறேன் என்று பிரித்தவன் தம்பி. அந்த ரேடியோ இன்னும் பிரித்தபடியே இருக்கிறது. ஆனால் போன வாரம் சிக்னலில் நின்றபோது, பின்னால் யாரோ பின்கதவைத் திறந்து ஒரு டிரில்லிங் மெஷினைத் தூக்கிவிட்டார்கள். ஊரெல்லாம் இந்தப் பூட்டுக்கு இங்கேதான் அனுப்பியது.

"எவ்வளவு நேரம்டா ஆகும்?"

"ரெண்டே நிமி..."

"வாய மூடு. மணி பத்து. பன்னெண்டுக்கு நான் சைட்ல இருக்கணும்."

அக்கா ஸ்டூலில் உட்காரவில்லை, பேப்பர் படிக்கவில்லை. தம்பியின் தலைக்கு மேலேயே நின்றாள். உடன்பிறந்தவர்களுக்கு மட்டுமே வாய்க்கும் ஒரு நிற்றல் அது. பதினொன்றே முக்காலுக்கு வேலை முடிந்தது. அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு ரிமோட்டை அமுக்கினார். டக்.

"கேட்டுச்சாக்கா?"

"கேட்டுச்சு. என்ன கேட்டுச்சு?"

"பூட்டிக்கிச்சு."

"சத்தம் போட்டா பூட்டிக்கிச்சுன்னு அர்த்தமா? நீ கூடத்தான் பொறந்ததுலேர்ந்து சத்தம் போடுற" என்று சொல்லிக்கொண்டே அக்கா கைப்பிடியைப் பிடித்து இழுத்தாள்.

பின்கதவு அப்படியே அவள் கையோடு கீழே இறங்கி வந்தது.

அவர் கதவைத் தூக்கி மூடி, திறக்கிற பட்டனை அமுக்கினார். டக். இழுத்தார். அசையவில்லை. பூட்டுகிற பட்டனை அமுக்கினார். டக். இழுத்தார். திறந்துகொண்டது.

"நல்ல மரியாதை தெரிஞ்ச பூட்டுடா," என்றாள் அக்கா. "நான் பக்கத்துல இருக்கிற வரைக்கும் பூட்டிக்கிட்டு காவல் காக்குது. பூட்டிட்டு நகந்தா, வர்றவன் சிரமப்பட வேணாமேன்னு திறந்து வைக்குது."

ஒயர் மாறியிருக்கிறது என்று விரல்களுக்கு உடனே தெரிந்துவிட்டது. ஆனால் நீலம் எங்கே போக வேண்டுமோ அங்கேதான் போயிருந்தது. முதல் பெட்டி முழுக்க அப்படித்தான். அவர் மேஜைக்குப் போய், கிரீஸ் டப்பாவைத் தூக்கி, தாளைத் துணியால் துடைத்தார். ஆறாவது வரி இருந்தது. அந்த ஒரு வரி மட்டும், யார் புண்ணியத்திலோ, பிழையே இல்லாத தமிழில் இருந்தது:

'கவனிக்க: இந்தப் பெட்டி முதல் நீல ஒயர் திறப்பதற்கும் பச்சை ஒயர் பூட்டுவதற்கும் மாற்றப்பட்டுள்ளது.'

அக்காவின் வண்டியில் இரண்டையும் இடம் மாற்றிக் கொடுக்க, அவர் வாழ்க்கையில் முதல்முறையாக, உண்மையிலேயே இரண்டு நிமிடம்தான் ஆனது. அக்கா மூன்று தடவை இழுத்துப் பார்த்தாள். வண்டியில் ஏறிய பிறகு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "இதுக்கு முன்னாடி எத்தன பேருக்குடா போட்ட?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போனாள்.

ஏழு வண்டிகள். மூன்று வாரமாக ஏழு பேர், பத்திரமாகப் பூட்டுகிறோம் என்று பட்டனை அமுக்கி, பின்கதவைத் திறந்து வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகிறார்கள். ஊரில் உள்ள திருடர்கள் சங்கம் வைத்திருந்தால் அவருக்குப் பொன்னாடை போர்த்தியிருக்கும்.

முதலாளியிடம் போய்ச் சொன்னார். முதலாளி முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"யாராவது வந்து புகார் சொன்னாங்களா?"

"இல்ல முதலாளி."

"ஏழு பேரும் அஞ்சு நட்சத்திரம் போட்டிருக்காங்களா?"

"போட்டிருக்காங்க."

"அப்ப நீ யாருய்யா புகார் சொல்றதுக்கு?"

"முதலாளி, கதவு தெறந்தே கெடக்குது."

"அவங்களுக்குத் தெறக்கணும்னா எப்படித் தெறக்கறாங்க?"

அவர் இதை யோசித்திருந்தார். தர்க்கம் பேசுகிற ஆள் இல்லை முதலாளி. ஆனால் கேள்வி நியாயமானது. ஏழு பேரில் ஒருவரான தண்ணீர் கேன் போடுகிறவருக்கு, வேறு ஏதோ விசாரிப்பது போல, முதலாளியிடம் வருவதற்கு முன்பே போன் போட்டுக் கேட்டிருந்தார்; கிடைத்த பதிலை அப்படியே ஒப்பித்தார். "சூப்பரா இருக்குண்ணே," என்றார் தண்ணீர் கேன்காரர். "பின்னாடி தெறக்கணும்னா பூட்டற பட்டன அமுக்கணும். மொதல்ல கொஞ்சம் குழப்பம். அப்புறம் புரிஞ்சிது, திருடன ஏமாத்தறதுக்கு அப்படி வச்சிருக்கான். என்ன மூளைண்ணே அவனுக்கு!"

முதலாளி இதைக் கேட்டு மகிழ்ந்தே போனார். "பாத்தியா? பழகிட்டாங்க. வாசல்ல நட்சத்திரம் ஒட்டியிருக்கேன். நீ ஏழு பேரையும் கூப்பிட்டு 'நான் தப்பாப் போட்டேன்'னு சொன்னா, நாளைக்கு ஒருத்தன் இந்தப் படியில கால் வைக்க மாட்டான். போன் பண்ணேன்னு வை, திங்கக்கெழமையிலேர்ந்து நீ பின்னாடி தண்ணி அடிக்கப் போ. ஸ்டூல்ல வேற ஆள் உக்காரும்."

அவர் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். மின்விசிறி ஓடியது. ஒரு ஹாரனைக் கையில் எடுத்து, எதற்கு எடுத்தோம் என்று தெரியாமல் திரும்ப வைத்தார். அதற்குப் பிறகு அவர் யாரிடமும் ரெண்டே நிமிஷம் என்று சொல்லவில்லை. பேட்டரிக் கடைக்காரர் வந்து உடம்புக்கு என்ன என்று விசாரித்தார்.

மூன்று மணிக்கு ஒரு பிக்கப் வந்து நின்றது. பெயிண்டிங் கான்ட்ராக்டர், ஏழு பேரில் நாலாவது ஆள். முகம் பூரித்துப் போயிருந்தார்.

"அண்ணே, உங்க பூட்டால எங்க வீட்டுத் திருடன் மாட்டிக்கிட்டான்."

"எந்தத் திருடன்?"

"என் தம்பிதான். வண்டியிலேர்ந்து ரெண்டு பெயிண்ட் டின் காணாம போச்சு. வண்டி பூட்டியிருக்கு, நானே டக்னு சத்தம் கேட்டுட்டுத்தான் படுத்தேன். அப்ப சாவி இருக்கிறவன்தானே எடுத்திருக்கணும்? இன்னொரு ரிமோட் அவன்கிட்டதான் இருந்துச்சு. கேட்டா, அழுவுறான். அழுதா விட்டுடுவேனா? வேலைய விட்டு நிறுத்திட்டேன். வீட்டு வாசப்படி ஏறாதேன்னும் சொல்லிட்டேன். அவன்கிட்ட இருக்கிற ரிமோட் இனி வேலை செய்யாத மாதிரி பண்ணிக் குடுங்கண்ணே. நம்பகமான பூட்டுண்ணே, கூடப் பொறந்தவனையே காட்டிக் குடுத்துருச்சு."

முதலாளி கல்லாவில் இருந்து ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

ரெண்டு நிமிஷம் எழுந்தார். பெயிண்டரின் கையிலிருந்த ரிமோட்டை வாங்கி, பூட்டுகிற பட்டனை அமுக்கினார்.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சுண்ணே."

"இப்ப இழுத்துப் பாருங்க."

பெயிண்டர் இழுத்தார். பின்கதவு திறந்து தொங்கியது. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில், "இது... இன்னைக்குத்தானே கெட்டுப் போச்சு?" என்று கேட்டார். இன்றைக்குத்தான் என்று யாராவது சொல்லிவிட மாட்டார்களா என்று கெஞ்சுவது போல இருந்தது அந்தக் கேள்வி.

"இல்லைங்க. போட்ட அன்னையிலேர்ந்தே இப்படித்தான். ஒயர மாத்திப் போட்டது நான்."

முதலாளி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்த சத்தம் பலமாகக் கேட்டது.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பெயிண்டரின் வண்டியில் நீலத்தையும் பச்சையையும் இடம் மாற்றினார். மீதி ஆறு பேருக்கும் போன் செய்து, தவறு தன்னுடையது என்று சொல்லி, மறுநாளுக்குள் எல்லா வண்டிகளையும் சரிசெய்தார். பிறகு பெயிண்டரைக் கூட்டிக்கொண்டு அவருடைய தம்பி தங்கியிருந்த அறைக்குப் போய், அந்தப் பையனிடம், டின்னை எடுத்தவன் யாரென்று தெரியாது, கதவைத் திறந்து வைத்தவன் நான்தான் என்று சொன்னார்.