ஒழுங்கையில் உருண்ட குடம்

அண்ணா ஜெர்மனிக்குப் போன பிறகு அவருடைய சைக்கிள் என் கைக்கு வந்தது. எனக்கு அப்போது பதினொரு வயது. சீற்றில் இருந்தால் கால் எட்டாது. பாருக்குக் கீழே காலை நுழைத்து, உடம்பைக் கோணிக்கொண்டு ஓடுவேன். ஓட்டம் எப்படி இருந்தாலும் மணி அடிப்பதில் மட்டும் குறை வைத்ததில்லை.

எங்கள் ஊரான சரவணையில் வீட்டு வளவுக் கிணறு உவர். குடிதண்ணீருக்கு ஒழுங்கை முடிவில் இருந்த நல்ல தண்ணீர்க் கிணற்றுக்குத்தான் எல்லோரும் நடப்பார்கள். இருபுறமும் பனையோலை வேலி. நடுவே இரண்டு பேர் சேர்ந்து போகலாம், அவ்வளவுதான். பின்னேரங்களில் நான் மணியடித்துக்கொண்டு வர, குடத்தோடு போகும் பெண்கள் வேலியோடு ஒட்டி நிற்பார்கள். அது எனக்குத் தரும் மரியாதை என்றே நினைத்திருந்தேன்.

அன்று முன்னால் போனவர் பக்கத்து வளவு அக்கா. கல்யாணமாகிப் பல வருடங்களுக்குப் பிறகு தங்கிய பிள்ளை, வயிற்றில் ஏழு மாதம். இடுப்பில் நிறைகுடத்தோடு மெல்ல நடந்தார். நான் மணி அடித்தேன், மறுபடியும் அடித்தேன். வேகத்தைக் குறைக்க மட்டும் தோன்றவில்லை. சக்கரம் காலருகே வந்துவிட்டதென்று அவர் சட்டென்று விலக, மணலில் கால் சறுக்கியது. குடம் உருண்டது. வேலிக் கதியாலைப் பிடித்தபடி அவர் நிலத்தில் இருந்துவிட்டார்.

சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினேன். "தெரியாமல் செய்துபோட்டன், அக்கா" என்று அழுதேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. வயிற்றில் கை வைத்து, கண்ணை மூடி, அசையாமல் இருந்தார். அம்மாவிடம் என்ன சொல்லலாம் என்று யோசிக்கிறாராக்கும் என்று பயந்தேன். நெடுநேரம் கழித்தே அவர் முகம் மலர்ந்தது.

"அழாதையும், ஒண்டுமில்லை" என்றார். "இனி ஆக்களைக் கண்டால் இறங்கி உருட்டிக்கொண்டு வாரும். எனக்குக் கெதியா விலக ஏலாது."

குடத்தைத் திரும்ப நிரப்பிக் கரியரில் கட்டி, அவர் நடைக்கு ஈடாகச் சைக்கிளை உருட்டிக்கொண்டு வீடுவரை போனேன். பிள்ளை பிறக்கும்வரை அந்த வீட்டுத் தண்ணீர் என் சைக்கிளில்தான் போனது. ஒழுங்கையில் யாரைக் கண்டாலும் தூரத்திலேயே இறங்கிவிடுவேன். கொஞ்ச நாளில், "நீர் முதல்ல போம், பிள்ளை" என்று அவர்களாகவே வழிவிடத் தொடங்கினார்கள்.

அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. முதலில் தூக்கியவர்களில் நானும் ஒருத்தி.

என்னை மன்னிக்கத்தான் அன்று அவருக்கு அவ்வளவு நேரம் எடுத்தது என்று பல வருடங்கள் நம்பியிருந்தேன். நானே வயிற்றில் பிள்ளையோடு பஸ் படியில் தடுக்கி விழுந்து, உள்ளே ஒரு சின்ன உதைக்காக மூச்சடக்கிக் காத்திருந்தபோதுதான், அக்கா எதற்காகக் காத்திருந்தார் என்பது தெரிந்தது.