அண்ணன் வாங்கிய மைக் செட்

அண்ணனை அடக்கம் செய்த அன்று கல்லறைத் தோட்டத்துக்கு மதினி, பிள்ளைகள் இருவர், நான் வந்திருந்தோம். கச்சேரிக் குழுவில் பாடும் தங்கையா அண்ணன், தபேலா வாசிக்கும் வேலாயுதம் அண்ணன், ரயில்வே பட்டறையில் அண்ணனோடு வேலை பார்த்தவர்கள், தாராவியில் எங்கள் வரிசையின் பதினாறு வீட்டார் எல்லோரும் வந்தார்கள். வராதவர்கள் இரண்டு பேர். அம்மா ஊரில் காய்ச்சலில் கிடந்தார்கள். தந்தி போய்ச் சேர்ந்தபோது மண் மூடி ஒரு நாள் ஆகியிருந்தது. மற்றவர் மீரான் அண்ணன். அவருக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை. ஏன் சொல்லி அனுப்பவில்லை என்பதை இந்த முதலாம் ஆண்டு நினைவு மலரில் எழுதாவிட்டால் வேறு எங்கும் எழுத மாட்டேன் என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

மதினியிடம் முதலில் அனுமதி கேட்டேன். "இறந்துபோன மனுஷன் பேரைக் கெடுக்கவா புத்தகம் போடுதீய?" என்றார்கள். பிறகு அரிசி புடைத்துக்கொண்டே, "எழுதுங்க. ஆனா உங்க தப்பையும் சேத்து எழுதுங்க" என்றார்கள்.

அண்ணன் பிறந்தது நாசரேத்துப் பக்கம் ஒரு சிற்றூரில். பம்பாய்க்கு வந்தது ஒன்பது வயதில், அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு. அப்பா தாராவியில் ஒரு தோல் கிடங்கில் வேலை பார்த்தார்கள். அப்பா நோயில் விழுந்தபோது மேஸ்திரி ஒருவன் வைத்தியச் செலவுக்கு முன்பணம் என்று சொல்லி ஒரு தாளை நீட்டினான். அப்பா பெருவிரலை மையில் தொட்டு வைத்தார்கள். அது நாங்கள் குடியிருந்த அறையை எழுதிக் கொடுத்த தாள். அப்பா போன பதினாறாம் நாள் சாமான்களோடு நாங்கள் வெளியே நின்றோம். அண்ணனுக்கு அப்போது பதினான்கு வயது, நான் கைக்குழந்தை. அன்றிலிருந்து அண்ணன் யாரையும் நம்பியதில்லை.

இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அந்தச் சந்தேகம்தான் எங்களுக்குச் சோறு போட்டது. ரேஷன் கடையில் அண்ணன் தராசின் முள்ளைப் பார்க்க மாட்டார். குனிந்து தட்டின் அடியைப் பார்ப்பார். சலவைக்குப் போட்ட சட்டை திரும்பி வந்தால் பொத்தான்களை எண்ணுவார். ரயிலில் யாராவது எழுந்து இடம் கொடுத்தால், "எதுக்கு எந்திரிக்கான்?" என்று நின்றுகொண்டே வருவார். என்னைத் தமிழ்ப் பள்ளியில் சேர்த்த அன்று அவர் சொன்னது ஒரே வாக்கியம்: "வீட்டுல ஒருத்தனாவது தாளைப் படிச்சுட்டுக் கை வைக்கணும்." எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். போனது அதற்காகத்தான்.

பட்டறை வேலை போக அண்ணனுக்கு இருந்த ஒரே ஆசை ஆர்மோனியம். தங்கையா அண்ணன் பாட்டு, வேலாயுதம் அண்ணன் தபேலா, இன்னொருவர் கிளாரினெட் என்று நாலு பேர் சேர்ந்து கல்யாண வரவேற்பு, கோயில் அசன விருந்து, சங்கத்து விழா என்று வாசித்தார்கள். கூலி குறைவு. வாடகை மைக் செட்காரன் பாதியை வாங்கிக்கொண்டு போவான். அது மட்டுமல்ல, பணக்காரர் பேசும்போது சத்தத்தைக் கூட்டுகிறான், நாம் பாடும்போது குறைக்கிறான் என்று அண்ணனுக்கு உறுதியான எண்ணம். சீனாக்காரன் சண்டை முடிந்த மறு வருஷம், சொந்தமாக ஒரு செட் வாங்குவது என்று முடிவாயிற்று. நாலு பேரும் சீட்டுப் போட்டுச் சேர்த்த பணம் அறுநூறு ரூபாய். செட் சரியாக அமைந்தால் குழு நிலைக்கும். ஏமாந்தால் அதோடு கலைந்துவிடும். எல்லோருக்கும் அது தெரியும்.

எதை வாங்குவது என்று தெரிந்த ஒரே ஆள் மீரான் அண்ணன். மேலப்பாளையத்துக்காரர். எங்கள் சந்து முனையில் ரேடியோ ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணனைவிட மூன்று நான்கு வயது இளையவர். "அண்ணாச்சி" என்றுதான் கூப்பிடுவார்.

லாமிங்டன் சாலையில் ஒரு சேட்டின் கடைக்கு அண்ணன், மீரான் அண்ணன், நான் மூன்று பேரும் போனோம். மீரான் அண்ணன் முப்பது வாட் ஆம்ப்ளிபயர் ஒன்றைக் காட்டி, "ரெண்டு குழாய் ஸ்பீக்கருக்கு இது தாராளம் அண்ணாச்சி" என்றார்.

"முப்பது வாட்டுன்னு எப்படி நம்புறது? வாட்டைக் கண்ணுல காட்டு."

"வாட்டைக் கண்ணுல பார்த்தா அப்புறம் ஊருக்குத் தந்திதான் அடிக்கணும்."

சேட் ஒரு இசைத்தட்டைப் போட்டுக் காட்டினார். கடையே அதிர்ந்தது. அண்ணன் அசையவில்லை. "தட்டுல பாடுனவன் நல்லாப் பாடியிருக்கான். அதுக்கு நான் ஏன் துட்டுக் குடுக்கணும்? என் ஆள் பாடட்டும்" என்று மறுநாள் தங்கையா அண்ணனைக் கூட்டிவந்து கடை நடுவில் நிறுத்திப் பாட வைத்தார். தெருவே கூடிவிட்டது. சேட் தலையில் கை வைத்துக்கொண்டு, "அரே பாபா, லேனா ஹை கி நஹி?" என்றார், வாங்குகிறீர்களா இல்லையா என்று.

மைக்கில் ஒரு தகராறு. கிரிஸ்டல் மைக் விலை குறைவு. மீரான் அண்ணன் வேண்டாம் என்றார். பம்பாய் மழை ஈரத்தில் அது ஊமையாகிவிடும், விலை கூடினாலும் டைனமிக் மைக் வாங்குங்கள் என்றார். அண்ணன் என்னைத் தனியே இழுத்து, "விலை கூடுனதைச் சொல்லுதான் பாத்தியா? கமிஷன்" என்றார். ஆனாலும் அதைத்தான் வாங்கினார். கடைசியில் ஐந்நூற்று எண்பது ரூபாயில் வந்து நின்றது. வயருக்கும் தட்டுவண்டிக்கும் மீதி இருபது சரியாகிவிட்டது. வெளியே வண்டியில் சாமானைக் கட்டும்போது, மீரான் அண்ணன் ஒரு மைக் ஸ்டாண்டைத் தோளில் வைத்துக்கொண்டு கடையிலிருந்து வந்தார்.

"இது எவன் கேட்டது?"

"சேட் சும்மா குடுத்தாரு அண்ணாச்சி."

"எந்த ஊர் சேட்டுடே சும்மா குடுத்தான்?"

வீட்டுக்கு வரும்வரை அண்ணன் அந்த ஸ்டாண்டையே பார்த்துக்கொண்டு வந்தார். மதினியிடம், "சும்மா குடுத்தான்னா எங்கேயோ எடுத்துட்டான்னு அர்த்தம்" என்றார்.

இங்கே என் பங்கைச் சொல்ல வேண்டும். குழாயின் பின்புறம் திருகி மாட்டும் உருண்டையான பாகத்தை யூனிட் என்பார்கள். சத்தம் அங்கேதான் பிறக்கிறது. குழாய் வெறும் தகரம்; விலையெல்லாம் யூனிட்டுக்குத்தான். திருடர்கள் குழாயை விட்டுவிட்டு யூனிட்டைத் திருகிக்கொண்டு போய்விடுவார்கள், அல்லது நல்லதை எடுத்துப் பழையதை மாட்டிவிடுவார்கள். அதனால் அண்ணன் கடையிலேயே சொன்னார்: "ஏல, எல்லாத்துலயும் நம்பர் அடிச்சிருக்கான். ஒண்ணு விடாம நோட்டுல எழுது." எழுதினேன். பதினோராம் வகுப்பு மாணவன், அழகாகவே எழுதினேன்.

முதல் கச்சேரி செம்பூரில், ஒரு கல்யாண வரவேற்பு. திறந்தவெளிப் பந்தல். மீரான் அண்ணன் மாலை நான்கு மணிக்கே வந்து வயர் இழுத்தார். குழாய்களை மேடைக்கு முன்னால், கூட்டத்தின் இரு பக்கமும் மூங்கிலில் கட்ட வேண்டும் என்றார். அண்ணன் ஒப்பவில்லை.

"கூட்டத்துக்குள்ள வெச்சா எவன் காவல்? திருகிட்டுப் போயிருவான்."

"குழாய் மைக்குக்குப் பின்னால இருக்கக் கூடாது அண்ணாச்சி. குழாய்ச் சத்தம் மறுபடி மைக்குல போயி, அது மறுபடி குழாயில வந்து... கூவிரும்."

"அதெல்லாம் கூவாது. என் கைக்கெட்டுற இடத்துல கட்டு."

அண்ணன் உட்காரும் இடத்துக்கு நேர் பின்னால், தலைக்கு மேலே இரண்டு குழாய்களும் ஏறின. அதோடு நிற்கவில்லை. ஒவ்வொரு யூனிட்டிலிருந்தும் ஒரு சணல் கயிறு இறங்கி அண்ணனின் கால் பெருவிரலில் முடிந்தது. யாராவது தொட்டால் விரலில் தெரியுமாம். தங்கையா அண்ணன் அதைப் பார்த்து, "வேய், பாட்டு நடுவுல காத்தடிச்சா உம்ம காலு ஆடும், நாங்க தாளம்னு நினைச்சிருவோம்" என்றார்.

முதல் பாட்டின் இரண்டாம் அடியில் கூவியது. அப்படி ஒரு சத்தத்தை நான் அதற்குமுன் கேட்டதில்லை. மணப்பெண் காதைப் பொத்திக்கொண்டாள். மீரான் அண்ணன் சத்தத்தைக் குறைத்தால் முதல் வரிசைக்கே கேட்கவில்லை; கூட்டினால் கூவல். மூன்று பாட்டு வரை கூட்டத்தார் தாங்கினார்கள். பெண்ணின் தகப்பனார் மேடைக்கு வந்து கைகூப்பி, "போதும்யா, சாப்பிட்டுப் போங்க" என்றார். அந்தக் கும்பிடு அண்ணனுக்கு அடி விழுந்தது போலிருந்தது.

அண்ணன் சாப்பிடவில்லை. குழாய்களை இறக்கினார், யூனிட்களைத் தானே திருகி எடுத்தார். "நோட்டை எடுல" என்றார். ஒரு யூனிட்டின் நம்பர் என் நோட்டோடு சரியாக இருந்தது. மற்றது இல்லை. நோட்டில் ஒன்று, யூனிட்டில் வேறொன்று.

"மாத்திட்டியே மீரான்."

"நான் எதுக்கு மாத்தணும் அண்ணாச்சி?"

"அதைத்தான் நானும் கேக்கேன். பூட்டுனவன் நீ. தூக்கிட்டு வந்தவன் நீ. பந்திக்கு வந்தவன் முன்னால என்னை அவமானப்படுத்திட்டே."

மீரான் அண்ணன் என்னைப் பார்த்தார். நான் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கீழே கிடந்த வயரைச் சுருட்டி, முடிச்சுப் போட்டு, ஆம்ப்ளிபயர் மேல் வைத்தார். போகும்போது என் பக்கத்தில் நின்று, "தம்பி, அந்த நோட்டைப் பத்திரமா வெச்சுக்கோ" என்றார். மிரட்டுகிறார் என்று நினைத்தேன். அண்ணனிடம் அப்படியே சொல்லவும் செய்தேன்.

ஒரு மாதத்தில் அவர் சந்து முனைக் கடையைக் காலி செய்துவிட்டுக் காட்கோபர் போனார். 'மாத்துற மீரான்' என்று எங்கள் வரிசையில் பேர் விழுந்தபின் யார் ரேடியோவைக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள்?

அடுத்து வந்த மைக் செட்காரர் எதுவும் கேட்காமல் குழாய்களை முன்னால் கட்டினார். கூவல் இல்லை. அண்ணனுக்குப் புரிந்தது, ஆனால் விடவில்லை. "கூவுனது வேற, நம்பர் வேற" என்பார். அந்த செட்டோடு ஐந்து வருஷம் வாசித்தார்கள். மழைக்காலத்தில் மற்றக் குழுக்களின் மைக் ஊமையானபோது எங்கள் மைக் பாடிற்று. பிள்ளைகள் பள்ளிக்குப் போனதும், நான் பம்பாய்க் கோட்டைப் பகுதியில் ஒரு அலுவலகத்தில் குமாஸ்தாவாகும் வரை படித்ததும் அந்தக் கச்சேரிக் கூலியும் சேர்ந்துதான்.

கடைசியில் மஞ்சள் காமாலை. ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் அண்ணன் மாத்திரையைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் விழுங்குவார். ஒரு பகலில், மதினி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தபோது, என்னைப் பார்த்துச் சொன்னார்:

"ஏல, அந்த யூனிட்டு அஞ்சு வருஷமா ஒரு நாளும் மக்கர் பண்ணலையே. மாத்துறவன் நல்லதை எடுத்துட்டு அதைவிட நல்லதையா வைப்பான்?"

அவரே தலையணையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "ஆனா நீ எழுதுனது தப்பாது" என்றார்.

உலகத்தில் அண்ணன் சந்தேகப்படாதது ஒன்றே ஒன்று இருந்தது. அது என் கையெழுத்து. நாலு நாளில் போய்விட்டார்.

இந்த மலருக்காகச் செட்டின் விவரங்களை எழுதலாம் என்று சென்ற மாதம் பரணில் ஏறினேன். நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு குழாயைத் துடைத்தேன். விளிம்பில் ஒரு நம்பர். நோட்டில் நான் யூனிட்டின் நம்பர் என்று எழுதியிருந்த அதே நம்பர். கடை நினைவுக்கு வந்தது. அந்த யூனிட்டைக் கடையாள் வைக்கோல் வைத்துப் பெட்டிக்குள் மூடிவிட்டான். பிரிக்கச் சொல்லக் கூச்சப்பட்டு, வெளியே கிடந்த குழாயின் நம்பரை எழுதிவிட்டேன். குழாய்க்கும் யூனிட்டுக்கும் ஒரே நம்பர்தான் இருக்கும் என்று நினைத்திருப்பேன். யாரும் எதையும் மாற்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காட்கோபர் போனேன். மீரான் அண்ணன் ஒரு டிரான்சிஸ்டரைத் திறந்து வைத்து ஊதிக்கொண்டிருந்தார். நோட்டை நீட்டி எல்லாவற்றையும் சொன்னேன். நோட்டை வெகுநேரம் பார்த்தார்.

"அன்னிக்கே உன் நோட்டு மேலதான் எனக்குச் சந்தேகம். ஆனா படிச்ச புள்ளை எழுதுனது தப்புன்னு நான் சொன்னா யாரு நம்புவா? அதான் வெச்சுக்கோன்னேன்."

"அடக்கத்துக்குப் பிறகாவது ஏன் வரலைண்ணே?"

"மூணாம் நாள்தான் தெரியும். அப்புறமா வந்தா, எதுக்கு வந்தான்னு உங்க ஆளுக பார்ப்பாங்க. அண்ணாச்சியே எந்திரிச்சுக் கேட்டாலும் கேட்பாரு." அவரே சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்தார்.

எழுந்தபோது, மனத்தில் கிடந்ததைக் கேட்டுவிட்டேன்: "அந்த ஸ்டாண்டு?"

"சேட் சும்மா குடுப்பானா? பதினெட்டு ரூபா. உங்ககிட்ட மிச்சமில்லை. ஸ்டாண்டு இல்லாம தங்கையாண்ணன் மைக்கைக் கையில பிடிச்சா கரகரன்னு சத்தம் வரும். நான் குடுத்தேன்னு சொன்னா அண்ணாச்சி வாங்குவாரா? எதுக்குக் குடுக்கான்னு ராத்திரி பூரா யோசிப்பாரு."

பதினெட்டு ரூபாயை நீட்டினேன். வாங்கவில்லை.

அண்ணனின் நோயில் உடனிருந்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், பெட்டியைத் தோள் மாற்றிச் சுமந்த பட்டறை நண்பர்களுக்கும், ஏழு நாளும் எங்கள் அடுப்பை எரியவிடாமல் தங்கள் வீட்டுச் சோற்றைக் கொண்டுவந்த எங்கள் வரிசைத் தாய்மார்களுக்கும், பாடி அனுப்பிய தங்கையா அண்ணனுக்கும் வேலாயுதம் அண்ணனுக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம். நினைவுக் கூட்டத்துக்கு அண்ணனின் செட்டை வைத்து மைக் போட வருகிறவர் மீரான் அண்ணன். அவர் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: குழாய் அவர் சொல்கிற இடத்தில் இருக்க வேண்டும். கூட்டத்துக்கு வருகிற எங்கள் வரிசைக்காரர்கள் அவரைப் பேர் சொல்லி, பேரை மட்டும் சொல்லி, அழைக்குமாறு வேண்டுகிறேன்.

நோட்டில் வயர், வண்டிக் கூலியோடு செட்டின் விலை அறுநூறு ரூபாய் என்று இருந்தது. அடித்துத் திருத்திவிட்டேன். அறுநூற்றுப் பதினெட்டு ரூபாய்.