அண்ணியும் நானும் ஓடாத ஆறு வாரம்

காவலர் வேலைக்கான எழுத்துத் தேர்வில் தேறியபோது எனக்கு இருபத்து மூன்று வயது. அடுத்தது ஓட்டம். செவிலிமேட்டில் எங்கள் வீட்டுப் பக்கத்து மைதானத்துக்கு விடியற்காலையில் தனியாகப் போக அண்ணன் சம்மதிக்கவில்லை. அண்ணி துணைக்கு வருவதாகச் சொன்னார். பட்டுத் தறியில் உட்காரும் முன் அவருக்கென்று இருந்தது அந்த ஒரு மணி நேரம்தான்.

முதல் வாரம் ஓரமாக உட்கார்ந்து என் தண்ணீர் பாட்டிலைக் காத்தார். அடுத்த வாரம் நடந்தார். மூன்றாவது வாரம் என் பழைய சுடிதாரைப் போட்டுக்கொண்டு என் பின்னால் மெதுவாக ஓடினார். என்னைவிட ஆறு வயது மூத்தவர். கல்யாணமான மறுவருடம் உண்டான குழந்தை தங்கவில்லை. வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேச மாட்டோம்.

ஓட்டத் தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கும்போது எனக்கு வலது கால் வலிக்க ஆரம்பித்தது. முழங்காலுக்குக் கீழே, முன்பக்க எலும்பில். முதலில் இரண்டு சுற்று ஓடினால் மறைந்துவிடும். பிறகு ஓடி முடித்தும் இருந்தது. கடைசியில் சும்மா படுத்திருந்தாலே வலித்தது. தைலம் தேய்த்து, துணி சுற்றி, மேலே பேண்ட் போட்டு மறைத்துக்கொண்டேன்.

அண்ணி அதைக் கண்டுபிடித்தது பார்த்து அல்ல, என் காலடிச் சத்தத்தைக் கேட்டு. நான் மாடியிலிருந்து இறங்கும்போது கூடத்தில் நெய்துகொண்டிருந்தார். தறிச் சத்தம் நின்றது.

"இன்னாமா, ஒரு கால் மட்டும் அழுத்தி வெக்க மாட்டேன்ற?"

ஓடினால் வலிக்கத்தான் செய்யும் என்றேன். தறியிலிருந்து எழுந்து வந்து, என்னைப் படியில் உட்காரவைத்து, இடத்தைக் காட்டச் சொன்னார். ஒரு விரலால் தொட்டுக் காட்டினேன். அதே இடத்தில் அவர் லேசாக அழுத்தியதும் காலை இழுத்துக்கொண்டேன். அன்று சாயங்காலமே அண்ணனிடம் சொல்லிவிட்டார்.

இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் விடியலில் நான் ஷூ மாட்டிக்கொண்டிருக்க, பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"எனக்கு அப்போ ரெண்டு நாளா வலி இருந்துது. எல்லாரும் வேலயா இருக்காங்க, சின்ன வலிதானேன்னு நெய்துக்கினே இருந்தேன். சொல்லியிருந்தா புள்ள தங்கியிருக்குமான்னு தெரியாதும்மா. நான் சொல்லல. அது தெரியும்."

குழந்தை போனது எனக்குத் தெரியும். அந்த இரண்டு நாள் தெரியாது. அதே வீட்டில்தான் நானும் இருந்தேன். ஷூவைக் கழற்றினேன்.

அன்றே ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா எலும்பில் மெல்லிய விரிசல் என்றார். தசைவலி என்றால் பரவலாக இருக்கும், இரண்டொரு நாள் ஓய்வில் குறையும். ஒரே இடத்தில் நின்று நாளுக்கு நாள் ஏறுகிற வலி வந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும் என்று சொன்னார். இப்படியே ஓடியிருந்தால் எலும்பு முறிந்துகூடப் போயிருக்கலாமாம். ஆறு வாரம் ஓடக் கூடாது.

தேர்வு நாள் அந்த ஆறு வாரத்துக்குள் வந்தது. அன்று அண்ணி தறியில் உட்காரவில்லை. என்னை டவுன் பஸ்ஸில் ஓரிக்கைக்குக் கூட்டிப்போனார். பாலாற்று மணலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். நான் அழுதபோது புடவைத் தலைப்பை நீட்டினார்.

அடுத்த முறை எழுத்து, ஓட்டம் இரண்டிலும் தேறினேன். கால் வலிக்கவே இல்லை. ஆனாலும் கடைசிப் பட்டியலில் என் எண் வரவில்லை. இப்போது ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறேன். காலையில் இருவரும் ஓடுவதை மட்டும் விடவில்லை.

போன வாரம் பாதிச் சுற்றில் அண்ணி நின்றுவிட்டார். முட்டி என்னவோ பண்ணுகிறது, உட்காரப் போகிறேன் என்றார். மைதானத்தில் அத்தனை பேர் ஓடிக்கொண்டிருக்க, நடுவிலேயே காலை நீட்டி உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். நன்றாக வெயில் ஏறிய பிறகுதான் எழுந்தோம்.