ஒன்பது சட்டி கோழியாணம்

எங்கள் கல்முனைக்குடி ஒழுங்கையில் யார் மௌத்தானாலும், அந்த வீட்டுக்கு மூன்று நாளும் யார் என்ன ஆக்கிக் கொடுப்பது என்று பிரித்துவிடுவது சுபைதா மாமிதான்.

நேற்று மாமியே மௌத்தாகி, அடக்கமும் முடிந்துவிட்டது.

இன்று பகல் கோழியாணத்தோடு போனேன். குசினியில் ஏற்கெனவே எட்டுச் சட்டி கோழியாணம். என்னுடையதோடு ஒன்பது சட்டிக் கறி; சோறு ஒருவரும் கொண்டுவரவில்லை.

அழுதுகொண்டிருந்த மாமியின் மகள் றிஸ்வானா, சட்டிகளைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு எழும்பினாள்.

"றாத்தா, நாளைக்கு நீங்க சோறு. முன்வீட்டாக்கள் பருப்பு. இனி ஆரும் கோழி கொண்டு வரப்படா!"

மாமியின் அதே அதட்டல்.

"ஓம் மாமி" என்றேன், என்னை அறியாமல்.

அவள் திருத்தவில்லை.

ஐம்பது பேருக்கு எத்தனை கொத்து அரிசி போடுவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். றிஸ்வானாவிடம் கேட்கப் பயமாக இருக்கிறது.