கிழக்குச் சுவரும் கோவளத்து ஆம்பும்

என் ஸ்பீக்கர்கள் மாமல்லபுரத்திலிருந்து வந்தவை. அங்கே ஒரு விடுதியை மூடியபோது, சாப்பாட்டுக் கூடத்தில் நின்றிருந்த இரண்டு பெட்டிகளை யாரும் சீந்தவில்லை. நான் சீந்தினேன். ஒவ்வொன்றும் சின்ன ஃப்ரிட்ஜ் உயரம். செங்கல்பட்டில் எங்கள் கூடத்தின் கிழக்குச் சுவரோரம் அவற்றை நிறுத்தியபோது, மனிதர்கள் நிற்பதற்கான இடம் கொஞ்சம் குறைந்துவிட்டது. மனைவி பள்ளியில் கணக்கு டீச்சர். பரப்பளவு பற்றி அவளிடம் வாதாட முடியாது.

வீட்டிலிருந்த பழைய செட்டுக்கு இந்தப் பெட்டிகளை இழுக்கத் திராணி இல்லை. ஒலியைக் கூட்டினால் பாடுவதற்கு முன்பு இருமியது. ஒலியைப் பெருக்கித் தரும் பவர் ஆம்ப் ஒன்று தேவை என்று தெரிந்ததும், வெளிநாட்டு ஆம்ப்களைப் பற்றி இரண்டு வருடம் படித்தேன். வாங்க முடியாதவற்றைப் பற்றிப் படிப்பதில் எனக்கு நீண்ட பயிற்சி உண்டு. பொருள் தேடிப் பிரியும் தலைவர்கள் நம் அகத்துறையில் ஏராளம்; பொருள் போதாமல் வீட்டை விட்டுக் கிளம்பியவன் நான் ஒருவன்தான். ஒரு சனிக்கிழமை கோவளத்துக்குப் போனேன்.

கோவளத்தில் மைக்செட்டுக்காரர்களுக்கு ஆம்ப் கட்டிக் கொடுக்கும் மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். என் வயதுதான். அம்மன் கோயில் திருவிழா, சர்ச் தேர், தர்கா சந்தனக்கூடு மூன்றுக்கும் அவருடைய பெட்டிகள்தான் போகின்றன. எனக்கும் ஒன்று கட்டித் தந்தார். என் சக்திக்குள் அடங்கியது. எடையில் மட்டும் அடங்கவில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் மனைவி சுற்றிவந்து பார்த்தாள்.

“ஒரு ஸ்விட்ச்சு மட்டும்தான் இருக்கு. சவுண்டு வைக்க, குறைக்க?”

“அதெல்லாம் தனிப் பெட்டியில. இது பவர் ஆம்ப். தானா எதையும் முடிவு பண்ணாது. முன்னால வர்றதப் பெரிசாக்கிப் பின்னால அனுப்பும்.”

“உங்க ஆபீஸ் மாதிரி,” என்றாள்.

நான் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர். மறுப்பதற்கு என்னிடம் ஆவணம் இல்லை.

ஆனால் அது பாடியது. முதல் முறையாக அந்த ஃப்ரிட்ஜுகள் வாயைத் திறந்து பேசின. மூன்று மாதம் நான் மிகச் சந்தோஷமான, சகிக்க முடியாத மனிதனாக இருந்தேன். வீட்டுக்கு வந்தவர்களை எல்லாம் உட்காரவைத்துக் கேட்கச் சொன்னேன். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர்கூட ஒரு பல்லவி கேட்டுவிட்டுத்தான் போனார்.

பிறகு ஆயுத பூஜை வந்தது. எங்கள் வீட்டில் அன்று மிக்ஸிக்கு, இஸ்திரிப் பெட்டிக்கு, ஸ்கூட்டருக்கு, அரிவாள்மணைக்கு, எல்லாவற்றுக்கும் துடைத்துப் பொட்டு வைப்போம். ஆம்பையும் வயர்களைக் கழற்றித் துடைத்தேன். சந்தனத்தைப் பன்னீரில் தாராளமாகக் குழைத்தேன். முகப்பின் அழகு கெட்டுவிடுமே என்று யோசித்து, பெட்டியைத் திருப்பிப் பின்பக்கம் வைத்தேன். நடுவில் குங்குமம். பக்தியும் ரசனையும் ஒருங்கே அமைந்த மனிதன் என்று என்னைப் பற்றி நானே நினைத்துக்கொண்டேன்.

பத்து நாள் கழித்து இடது ஸ்பீக்கர் கரகரத்தது. மறுநாள் ஊமையானது. ஸ்பீக்கர் வயர்களை இடம் மாற்றிப் பார்த்தேன். இப்போது வலது பெட்டி ஊமை, இடது பாடியது. அப்படியென்றால் பெட்டிகள் மேல் குற்றமில்லை, ஆம்ப்தான். மலிவாக வாங்கியவனுக்கு மட்டுமே வரும் சந்தேகம் எனக்கும் வந்தது: கட்டியவர் கை சரியில்லையோ.

சரியாக அந்த நேரம் பார்த்து மனைவியின் அண்ணன் சென்னையிலிருந்து போன் செய்தார். அவர் வீட்டில் கப்பலில் வந்த ஆம்ப் இருக்கிறது. புது டிவி வாங்கியதால் பழைய பெரிய டிவியையும் அதற்குக் கீழே வைக்கும் சவுண்டுபாரையும் தங்கைக்கே தந்துவிடுவதாகச் சொன்னார். வைப்பதற்கு ஒரு சுவர் வேண்டும், அவ்வளவுதான்.

“மாப்ள,” என்றார் என்னிடம், “எளிமையா வாழறது தப்பே இல்ல. காதுக்கு எதுக்கு அந்தத் தண்டனை?”

மனைவி நியாயமானவள். தீர்ப்பைத் தவணையோடு சொன்னாள். “ஞாயித்துக்கிழமை அண்ணன் சாப்பிட வராரு. அதுக்குள்ள ரெண்டு பக்கமும் பாடிச்சின்னா அது அங்கயே இருக்கட்டும். இல்லன்னா பரண்.”

சனிக்கிழமை காலை ஆம்பைப் பழைய போர்வையில் சுற்றி பஸ் ஏறினேன். திருக்கழுக்குன்றம் தாண்டுவதற்குள் மடி மரத்துப்போனது. மாமல்லபுரத்தில் இறங்கி, கடற்கரைச் சாலை பஸ்ஸுக்கு மாறினேன். கண்டக்டர் மூட்டையைத் தட்டிப் பார்த்தார்.

“இன்னா சார் இது, அம்மிக்கல்லா?”

“ஆம்ப்ளிஃபயர்.”

“கச்சேரியா?”

“இல்ல, வீட்டுக்கு.”

“வூட்ல எத்தினி பேரு?”

“ரெண்டு பேர்.”

திருவிடந்தை வரும்வரை அவர் என்னை அவ்வப்போது திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். லக்கேஜ் டிக்கெட் கேட்கவில்லை. இரக்கமாக இருக்கலாம்.

மெக்கானிக்கிடம், வழியெல்லாம் ஒத்திகை பார்த்த கோபத்தோடு சொன்னேன். “ஒரு பக்கம் போயிடுச்சு. நாலு மாசம்கூட ஆகல.”

அவர் அசையவில்லை. “சார், இதே மாதிரி பெட்டி போன வருசம் சர்ச்சு தேர்ல மழைல நனைஞ்சிகினே பாடிச்சி. உங்க வூட்ல மழ பெஞ்சிச்சா?”

மூடியைக் கழற்றினார். உள்ளே மீட்டரால் தொட்டுத்தொட்டுப் பார்த்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்பவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள்.

“உள்ள எல்லாம் கரீட்டா கீது.” பெட்டியைத் திருப்பினார். பாட்டு உள்ளே வரும் வயரைச் செருகும் துளையைக் குனிந்து பார்த்தார். பிறகு மூக்கை அருகே கொண்டுபோனார்.

“இன்னா சார், வாசனையா கீது?”

அவர் ஒரு குச்சியால் துளையைச் சுரண்டினார். மஞ்சளாகப் பொடி உதிர்ந்தது.

“சந்தனம்?”

“ஆயுத பூஜை,” என்றேன்.

“முன்னாடி அம்மாம் எடம் கீதே. பின்னாடி ஓட்டைல ஏன் வெச்சீங்க?”

“முன்னால வெச்சா அழகு கெட்டுடும்னு.”

அவர் குச்சியைக் கீழே வைத்தார். பக்கத்து டீக்கடைக்காரரைக் கூப்பிட்டு, “அண்ணாத்த, இங்க வந்து பாரு,” என்று துளையைக் காட்டினார். டீக்கடைக்காரரும் மோந்து பார்த்தார்.

“சந்தனக்கூட்டுக்கே வருசா வருசம் போற ஆம்பு நம்மள்து,” என்றார் மெக்கானிக். “அங்க ஊரே பூசிக்குது. இது மேல ஒரு பொட்டு பட்டதில்ல. நீங்க ஒத்த ஆளா இதப் பண்ணிக்கீறீங்க.”

ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துத் துளையைத் துடைத்தார். வயரின் முனையையும் துடைத்தார். செருகினார். இரண்டு பக்கமும் பாடியது. காய்ந்த சந்தனம் உலோகத்துக்கும் உலோகத்துக்கும் நடுவே சுவர் எழுப்பியிருந்தது, அவ்வளவுதான் சங்கதி. நான் சந்தேகப்பட்டது அவருடைய கையை. தப்பு செய்தது என்னுடையது. “மன்னிச்சுக்குங்க,” என்றேன். “டீ சொல்லு சார்,” என்றார். சொன்னேன்.

ஞாயிறு மதியம் அண்ணன் வந்தார். கையில் பழக்கூடை, சட்டைப் பையில் அளக்கும் டேப். சாப்பிட்டு முடித்ததும் சுவரருகே போய் டேப்பை இழுத்தார்.

“ஒரு நிமிஷம்,” என்றேன். வீட்டில் பல வருடமாகக் கிடக்கும் நாகஸ்வர சிடி ஒன்றைப் போட்டேன். மனைவி இரண்டு பெட்டிகளுக்கும் எதிரே நடு நாற்காலியில் உட்கார்ந்தாள், விடைத்தாள் திருத்தும்போது உட்காருவது போல.

ஆலாபனை எழுந்தது. கூடத்தின் சுவர் பின்னால் நகர்ந்தது போலிருந்தது. நாகஸ்வரம் வலப்பக்கம், தவில் இடப்பக்கம், இருவருக்கும் நடுவில் காற்று. அண்ணன் டேப்பைப் பிடித்தபடியே நின்றார்.

திடீரென்று மனைவி கையைத் தூக்கினாள். “நிறுத்துங்க.”

நிறுத்தினேன். பரணுக்கு ஏணி எங்கே இருக்கிறது என்று யோசிக்கத் தொடங்கினேன்.

“பாட்டக் கொஞ்சம் பின்னாடி கொண்டு போங்க. யாரோ தொண்டையக் கனைக்கிறாங்க.”

பின்னால் கொண்டுபோனேன். ஆமாம். இடப்பக்கம், தவிலுக்குச் சற்றுத் தள்ளி ஒரு மனிதர், மிக மரியாதையாக, ஒரே ஒரு முறை கனைத்தார். இத்தனை வருடமாக அவர் எங்கள் வீட்டில்தான் இருந்திருக்கிறார், ஒருவரும் கண்டுகொள்ளவில்லை.

“யாரு அது?” என்றாள்.

“தாளம் போடறவரா இருக்கும்.”

“தவில்காரர்தான்,” என்றார் அண்ணன், தன்னையறியாமல் பெட்டியருகே குனிந்து. “இன்னொரு தடவ போடுங்க மாப்ள.”

நான்கு தடவை போட்டேன். முடிவு எட்டப்படவில்லை. சிடி முழுவதையும் கேட்டோம். கடைசியில் மனைவி எழுந்து, “அண்ணா, டேப்ப உள்ள வைங்க. அந்த டிவிய அண்ணியே வெச்சிக்கட்டும்,” என்றாள்.

அரசாங்க உத்தரவுகள் ஆயிரக்கணக்கில் படித்தவன் நான். இவ்வளவு அழகான ஒன்றைப் படித்ததில்லை. அண்ணன் செருப்பு மாட்டும்போது, தங்கைக்குக் கேட்காத குரலில், “அந்தக் கோவளத்து ஆளு எனக்கு ஒண்ணு கட்டித் தருவானா?” என்றார். கேட்டுச் சொல்வதாகச் சொன்னேன். அவசரமில்லாமல் சொன்னேன்.

இப்போது பள்ளியிலிருந்து வந்ததும் அவள்தான் முதலில் ஸ்விட்சைப் போடுகிறாள். எந்த சிடியில் யார் இருமுகிறார்கள், யார் பக்கம் புரட்டுகிறார்கள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஒலி சரியாக வந்து கூடுவது நடு நாற்காலியில் மட்டும்தான். அது இப்போது அவளுடையது. நான் சமையலறையில் காப்பி கலந்தபடி கேட்கிறேன். அங்கேயும் நன்றாகத்தான் கேட்கிறது.