மாமாவின் வாயில் அப்பாவின் குரல்

அம்மாவின் தம்பியான மாமாவுக்கு எங்கள் வீட்டில் இரண்டு வேலைகள் இருந்தன. ஒன்று, ஊருக்குப் போகக் கப்பல் டிக்கெட் எடுத்துத் தருவது. மற்றொன்று, அப்பா மாதிரியே பேசி எங்களை ஏமாற்றுவது. இரண்டிலும் அவரை அடித்துக்கொள்ள போர்ட் பிளேரில் ஆள் கிடையாது.

அப்பா ஃபீனிக்ஸ் பே ஜெட்டியிலிருந்து கிளம்பும் சர்க்கார் போட்டில் வேலை பார்த்தார். வாரத்தில் பாதி நாள் கடலில் இருப்பார். அதனால் டிக்கெட் வரிசையில் நிற்பது மாமா பொறுப்பு. எங்கள் தெருவிலேயே வழக்கம் அதுதான். ஒருவர் வரிசையில் நிற்பார். மற்றவர்கள் தீவுவாசி என்று காட்டும் ஐலேண்டர் கார்டு, ஆதார், பான் என்று வீட்டில் இருப்பதையெல்லாம் அள்ளி அவர் கையில் கொடுத்துவிடுவார்கள். போதாததற்கு மாமா ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தார். அவர் விரல் வைத்துக் காட்டிய இடத்திலெல்லாம் அப்பா கையெழுத்துப் போட்டார். திருடுகிறவனுக்கு ஒரு சிரமமும் இருக்கக் கூடாது என்று நாங்கள் எல்லோரும் சேர்ந்து பார்த்துக்கொண்டோம்.

அப்பா கடலில் இருக்கும் நாட்களில் மாமா வாசலுக்கு வெளியே நின்று தொண்டையைச் செருமுவார். "ஏட்டி, செருப்ப இங்கன போட்டது யாரு?" என்று அப்பா குரல் கேட்கும். நான் விழுந்தடித்து ஓடிப்போய்ச் செருப்பை எடுத்து வைப்பேன். அப்புறம்தான் மாமா சிரிப்பார். அம்மாகூட ஏமாந்துபோய்ச் சோறு போட அகப்பையைத் தூக்கியிருக்கிறாள்.

நான் நாலாம் வகுப்பு படித்தபோது ஒரு சனிக்கிழமை காலையில் போலீஸ்காரர்கள் இருவர் வந்தார்கள். அப்பாவின் பெயரில் கிரெடிட் கார்டுகள் இருக்கின்றன என்றார்கள். கிரெடிட் கார்டை அப்பா கண்ணால்கூடப் பார்த்ததில்லை. யாரோ ஒருவர் அப்பாவின் பெயரைச் சொல்லி மெயின்லேண்டில் கார் வைத்திருப்பவர்களுக்குப் போன் போட்டு, குறைந்த விலையில் இன்சூரன்ஸ் எடுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அவர்கள் அனுப்பிய பணம் அப்பா பெயரிலிருந்த ஒரு கணக்குக்குப் போனது. கம்பெனிக்குக் கட்ட வேண்டியதை இந்தக் கார்டுகளில் கட்டிவிட்டு, கார்டுக்குரிய பாக்கியை அம்போவென்று விட்டுவிட்டார். கட்டியது மோசடிப் பணம் என்று தெரிந்ததும் கம்பெனி பாலிசிகளை ரத்து செய்தது. மதுரையில் ஒருவர் கார் மோதிய பிறகுதான் தனக்கு இன்சூரன்ஸே இல்லை என்று தெரிந்துகொண்டார். போனில் நடந்த பேச்சை அவர் பதிவு செய்து வைத்திருந்தார்.

அதை எங்கள் கூடத்திலேயே போட்டுக் காட்டினார்கள். "கவலப்படாதீங்க சார், பாலிசி நாளைக்கே வந்துரும்" என்றது அப்பாவின் குரல்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த விளையாட்டு எனக்குத் தெரியுமே. கடைசி வார்த்தையை மட்டும் கொஞ்சம் இழுப்பார் மாமா. சொல்ல வாயைத் திறந்தேன். அம்மாவின் விரல்கள் என் தோளில் அழுந்தின; வலியில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நிமிர்ந்து பார்த்தேன். அம்மாவின் முகத்தில் ரத்தமே இல்லை. எதற்கென்று தெரியாமல் நானும் பயந்துபோனேன்.

"யே தும்ஹாரி ஆவாஜ் ஹை கி நஹி?" என்று அதட்டினார் போலீஸ்காரர். உன் குரலா, இல்லையா?

அப்பா பொய் பேசத் தெரியாதவர். தலையைச் சாய்த்துத் திரும்பத் திரும்பக் கேட்டார். தன் குரல் போலத்தான் இருக்கிறது, ஆனால் தான் பேசவில்லை என்று இந்தியில் சொன்னார். முதல் பாதி போதும் என்பதுபோல அவர்கள் எழுந்துகொண்டார்கள். திங்கட்கிழமை ஸ்டேஷனுக்கு வர வேண்டும் என்றார்கள். உள்ளே வைத்துவிட்டால் சர்க்கார் வேலை அன்றோடு போய்விடும்.

அவர்கள் போனதும் அப்பா, "ஒன் தம்பியக் கூப்புடு. இந்த ஆன்லைன் வெவகாரமெல்லாம் அவனுக்குத்தான் தெரியும்" என்றார்.

அம்மா வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். பிறகு, "நாளைக்குக் கப்பல்ல ஊருக்குப் போறான். போறதுக்கு முன்னால சாப்புட வரச் சொல்லுதேன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் அம்மா நண்டு வாங்கிக் குழம்பு வைத்தாள். அடுப்பில் குழம்பு கொதிக்கும்போதே அப்பாவைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய் ஏதோ சொன்னாள். அப்பா துவைக்கிற கல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்துச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

மாமா தோள்பையோடு வந்தார். "அத்தான் எங்க?"

"ஜெட்டி வரைக்கும் போயிருக்காவ."

அன்று அப்பாவுக்கு லீவு என்பது மாமாவுக்குத் தெரியும். அம்மாவைப் பார்த்தார். அம்மா சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா பையைச் சுவரோரம் வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். அப்பா மாதிரி பேசச் சொல்லி நான் நச்சரித்தேன். தொண்டை சரியில்லை மருமவளே என்று சொல்லிவிட்டார்.

அம்மா நண்டை உடைத்துச் சதையைப் பிரித்து அவர் தட்டில் வைத்துக்கொண்டே இருந்தாள். திடீரென்று, "நேரமாவுதுல்லா, கெளம்புதியா?" என்றாள்.

"இருக்கட்டுக்கா."

கொஞ்ச நேரத்தில் மறுபடியும், "போயிருல. பின்வாசல் தெறந்துதான் கெடக்கு" என்றாள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. சாப்பிட வந்தவரை யாராவது இப்படி விரட்டுவார்களா?

மாமா சிரிக்க முயன்றார். "இன்னும் கொஞ்சம் சோறு வையிக்கா" என்றார்.

துறைமுகத்திலிருந்து கப்பல் சங்கு ஊதியது. "மாமா, கப்பல்" என்று நான் கத்தினேன். "போவட்டும்" என்று குனிந்தபடியே சொன்னார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் போனாள்.

அப்பா போலீஸ்காரர்களோடு வந்தபோது மாமா கை கழுவிவிட்டு, துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். சத்தம் போடாமல் அவர்களோடு போனார். அம்மா மட்டும் வெளியே வரவே இல்லை.

மறுநாள் பள்ளிக்கூடத்தில், என் மாமா நண்டுக் குழம்புக்காகக் கப்பலையே விட்டவர் என்று பெருமையடித்துக்கொண்டேன். அவரை விரட்டப் பார்த்த அம்மாவோடு இரண்டு நாள் பேசவில்லை. பிடித்துக்கொடுக்கக் கூப்பிட்டவளே தம்பியைத் தப்பித்துப் போகச் சொன்னாள் என்பது அப்போது எனக்குத் தெரியாது. தான் போய்விட்டால் திங்கட்கிழமை அப்பாதான் உள்ளே போக வேண்டும் என்று தெரிந்தேதான் மாமா இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார் என்பதும் தெரியாது. அவருக்கு அன்றைக்கு நல்ல பசி என்றுதான் நினைத்தேன்.