பூமி ஒதுங்கிய மூன்று நாள்

யோகராணி அடுப்பு மூட்டுவதைப் பார்க்க வேண்டும். ஈர விறகு, எதிர்க்காற்று, எதுவானாலும் ஒரே தீக்குச்சி. இரண்டாவது குச்சி கிழித்து நான் பார்த்ததில்லை. எப்படி என்று ஒருநாள் கேட்டேன். "போட்ல வந்து இறங்கின புதுசில தீப்பெட்டிக்கே வரிசையில நிண்ட ஆக்கள் அண்ணை நாங்கள்" என்றாள். குழம்பைக் கிண்டப் போய்விட்டாள்.

மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் நடுவில் எங்கள் ஊர். எனக்குச் சொந்தத்தில் கொஞ்சம், குத்தகைக்குக் கொஞ்சம் நிலம். அதோடு நடவுக்கு ஆள் விடுகிற வேலை. எங்கள் தெருவில் நடவுக்குக் குனிந்த பெண்களுக்கெல்லாம் முழங்கால் போய்விட்டது. அவர்கள் பெற்ற பெண்கள் திருப்பூரில் இருக்கிறார்கள், ஆஸ்பத்திரியில் நர்சாக இருக்கிறார்கள். இருக்கட்டும். அதற்குத்தானே படிக்க வைத்தது. ஆனால் நாற்று தானாக வயலில் இறங்காதே. அதனால் வருடா வருடம் வங்காளத்திலிருந்து ஒரு செட்டு ஆட்களை வரவழைக்கிறேன். மால்டா பக்கத்து ஆட்கள். அவர்களுக்குத் தலைவன் தபன் மண்டல் என்று ஒருவன், முப்பத்தைந்து வயதிருக்கும். என் பம்புசெட் கொட்டகையில் தங்குவார்கள். அவர்களுக்குச் சமைத்துப் போட யோகராணி.

அவள் வவுனியாப் பக்கம் பிறந்தவள். ஒன்பது வயதில் அம்மா இடுப்பில் ஒரு தம்பி, கையில் இவளாக, மன்னாரிலிருந்து படகில் வந்திருக்கிறாள். புதுக்கோட்டைப் பக்கம் ஒரு முகாமில் வளர்ந்தாள், அங்கேயே கல்யாணம், அங்கேயே பிள்ளைப்பேறு. புருஷன் பெயின்ட் அடிக்கப் போன இடத்தில் சாரத்திலிருந்து விழுந்து செத்துப் போனான். முகாமில் ஆண்பிள்ளைகளில் முக்கால்வாசி பெயின்ட் வேலைதான். அவள் தம்பி பி.காம். முடித்தவன், அவனும் அதேதான். ஏன் என்று கேட்டால், "டிகிரி இருக்கு, நாடு இல்லை அண்ணை" என்பாள், உப்பு இல்லை என்று சொல்கிற மாதிரி. அரசாங்கம் மாதம் ஒரு தொகை கொடுக்கிறது, அரிசி கொடுக்கிறது. இப்போது நல்ல வீடும் கட்டிக் கொடுத்திருக்கிறது. பொய் சொல்லக்கூடாது. ஆனால் மகள் கல்லூரிக்கு அது காணாது. அதற்காகத்தான் நடவுக் காலத்தில் என் கொட்டகைக்கு வந்துவிடுவாள்.

முதல் வருடம் தபன் வந்து தட்டைக் காட்டி "பாத், பாத்" என்றான். நான் பாத்ரூம் கேட்கிறான் என்று கொல்லையைக் காட்டினேன். அவள் சிரித்துவிட்டுச் சோற்றை அள்ளிப் போட்டாள். சிங்களத்திலும் சோற்றுக்குக் கிட்டத்தட்ட அதே சொல்தானாம். அதிலிருந்து பிடித்து இரண்டு வருடத்தில் வங்காளம் பேசக் கற்றுக்கொண்டாள். போன வருடம் தபனின் தம்பியைப் பாம்பு கடித்தபோது மன்னார்குடி ஆஸ்பத்திரியில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, டாக்டர் கேட்டதை அவனுக்கும் அவன் முனகியதை டாக்டருக்கும் சொன்னது அவள்தான். பிழைத்துக்கொண்டான்.

இந்த வருடம் ஆனி மாதம் பிறந்து ஒரு வாரம். என் குறுவை நாற்றுக்கு வயசு ஏறிக்கொண்டிருந்தது. போர்வெல் தண்ணீரில் விட்ட நாற்று. வியாழக்கிழமை நடவு என்று முடிவு. புதன்கிழமை யோகராணி கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள்:

"அண்ணை, வெள்ளிக்கிழமை செக்கிங்."

முகாமில் மாதம் ஒருநாள் ஆள் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அதுதான் செக்கிங். போன மாதம் அவள் போகவில்லை. என் கொட்டகையில் காய்ச்சலில் கிடந்தாள். இந்தமுறையும் போகாவிட்டால் பேரை வெட்டிவிடுவார்கள் என்று அங்கேயிருந்து தம்பி போன் பண்ணியிருக்கிறான். வீடு அவள் பேரில். அந்த வீட்டில்தான் எழுந்து நடக்க முடியாத அம்மா கிடக்கிறாள். பேர் போனால் வீடு போகும், மகளுக்குக் கல்லூரியில் காட்ட எந்த அட்டையும் இருக்காது.

"நாளைக்கு மத்தியானம் போனா சனிக்கிழமை வந்திடுவன்" என்றாள்.

"நடவு நேரத்துல ரெண்டு நாளா? இவனுங்களுக்கு யாரு ஆக்கிப் போடுறது? நான் போன்ல பேசிக்கிறேன் அந்த ஆபீசர்ட்ட. ஒரு ஆளு வரலன்னா ஊரு கவுந்துடாது."

தபன் பல் குச்சியோடு அங்கேதான் நின்றான். "அண்ணா, நாங்க சமைக்கும். ரெண்டு ஆளு சமைக்கும்."

"ரெண்டு ஆளு இங்க நின்னா வயல்ல நாலு கை குறையுது. உன்னைய சமைக்கவா கூட்டியாந்தேன்?"

யோகராணி கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு மறுபடி நறுக்க ஆரம்பித்தாள். "சரி அண்ணை" என்றாள். அத்தோடு விஷயம் முடிந்தது என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை விடிந்து நான் வயலுக்குப் போனால் ஒரு பயலும் இறங்கவில்லை. வேட்டியை மாற்றிக்கொண்டு, குளித்த தலையோடு, வரப்பில் வரிசையாகக் கொக்கு மாதிரி உட்கார்ந்திருக்கிறான்கள்.

"என்னடா தபனு, உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"அண்ணா, அம்புபாச்சி. மூணு நாள் மண்ணு தொடாது."

"என்னா பாச்சி?"

அவன் கையை இப்படி அப்படி ஆட்டினான். டீத் தூக்கோடு வந்த யோகராணிதான் எடுத்துச் சொன்னாள். அவர்கள் ஊரில் இந்த மாதத்தில் மூன்று நாள் பூமித்தாய் வீட்டுக்குத் தூரமாக ஒதுங்கி இருக்கிறாளாம். ஏர் ஓட்டக்கூடாது, மண் வெட்டக்கூடாது, நாற்று நடக்கூடாது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "உங்க ஊரு பூமி ஒதுங்கட்டும். இது எங்க ஊரு பூமிடா. இதுக்கு அதெல்லாம் கிடையாது" என்று கத்தினேன். அதற்குள் என் பெண்சாதி காளியம்மாள் சும்மாட்டோடு வந்து சேர்ந்தாள். கேட்டுக்கொண்டு நின்றவள் என் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, ஆடிப்பெருக்குக்குக் காவேரிக்கு மசக்கைன்னு புளிச்சோறும் எலுமிச்சஞ்சோறும் கட்டிக்கிட்டு நீங்கதானே முன்னாடி போறீங்க? ஆறு முழுகாம இருக்கலாம், பூமி ஒதுங்கக் கூடாதா? என்னா ஞாயம் இது?"

வங்காளத்தான்களுக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை, ஆனாலும் சிரித்தான்கள். ஒரு பெண் ஆணைத் திட்டினால் எல்லாப் பாஷையிலும் புரியும் போலிருக்கிறது. நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

வயலில் வேலை இல்லை. இனி யோகராணியைப் பிடித்து வைப்பதில் என்ன இருக்கிறது? மறுநாள் விடியற்காலையில் குட்டியானை வண்டியில் ஏறச் சொன்னேன். பஸ்ஸில் போனால் மூன்று இடத்தில் மாற வேண்டும். செக்கிங் பத்து மணிக்கு, அதற்குள் போய்ச் சேர முடியாது. புறப்படும்போது வங்காளத்தான்களுக்கு ஒரு சட்டி நிறைய பருப்பு வைத்துவிட்டு வந்திருந்தாள்.

முகாமில் ஒரு கூடம். மேசை போட்டு ஒரு அதிகாரி உட்கார்ந்திருந்தார். நல்ல மனிதர் மாதிரிதான் தெரிந்தார், சின்ன வயசு. பேர் கூப்பிட, ஆள் முன்னால் வந்து முகத்தைக் காட்டிக் கையெழுத்துப் போட்டுப் போக வேண்டும். தலை நரைத்தவர்கள், கைப்பிள்ளைக்காரிகள், ஆஸ்பத்திரி கம்பவுண்டர் மாதிரி பேனா குத்திய ஒரு ஆள், எல்லாரும் வரிசையில் நிற்கிறார்கள். நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பேர் கூப்பிட்டு "உள்ளேன் ஐயா" சொல்வது அத்தோடு ஒழிந்தது என்று சந்தோஷப்பட்டவன். இவர்கள் பிறந்த பிள்ளையிலிருந்து சாகக் கிடக்கிற கிழவிவரை அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் முகத்திலும் கோபம் இல்லை. அதுதான் எனக்கு என்னவோ போலிருந்தது. பழகிவிட்டது.

யோகராணி முறை வந்தது.

"போன மாசம் ஏம்மா வரல?"

"காய்ச்சல் சேர்."

"டாக்டர் சீட்டு?"

"இல்ல சேர். வேலை செய்யிற இடத்தில படுத்திருந்தனான்."

"எல்லாரும் காய்ச்சல்னுதாம்மா சொல்றீங்க. நான் மேல என்ன சொல்றது?" என்று பேனாவை மூடினார்.

அவள் சேலைத் தலைப்பை இரண்டு கையாலும் முறுக்கிக்கொண்டு நின்றாள். ஒரே குச்சியில் அடுப்பு மூட்டுகிற கை அது.

"சார்," என்றேன் பின்னாலிருந்து. "என் பம்புசெட்டுலதான் கெடந்துச்சு. என் பெண்சாதிதான் கஞ்சி வச்சுக் குடுத்துச்சு. பேரு இளையபெருமாள். போன் நம்பர் தரேன், ஊர் தலைவர்ட்ட வேணா கேட்டுக்குங்க."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். ஆதார் கேட்டார், கொடுத்தேன். குறித்துக்கொண்டார். "நீங்க சொல்றதால எழுதுறேன். அடுத்த தடவை சீட்டு கொண்டாரச் சொல்லுங்க" என்றார். அவள் கையெழுத்துப் போட்டாள்.

அவ்வளவுதான். அவள் காய்ச்சலை அவள் சொன்னால் செல்லாது, நான் சொன்னால் செல்லும். அன்றைக்கு மன்னார்குடி ஆஸ்பத்திரியில் தபன் தம்பிக்கு அவள் வாய் வேண்டியிருந்தது. இன்றைக்கு அவளுக்கு என் வாய்.

திரும்பி வருகிற வழியெல்லாம் இதையே மனசில் போட்டு உருட்டினேன். தபனுக்கு ஓட்டு இருக்கிறது, ரேஷன் அட்டை இருக்கிறது, மால்டாவில் தென்னந்தடுக்கு அகலத்துக்காவது சொந்த நிலம் இருக்கிறது. ரயில் ஏறினால் யாரையும் கேட்காமல் காஷ்மீர் வரைக்கும் போவான். ஆனால் எங்கள் ஊரில் ஒரு மோட்டார் சைக்கிள் காணாமல் போனால் போலீஸ் முதலில் என் கொட்டகைக்குத்தான் வரும். அவனை வங்காளத்தான் என்றுகூட யாரும் சொல்வதில்லை, இந்திக்காரன்தான். கோயில் சோற்றுப் பந்தியில் அவன் உட்கார்ந்தால் இரண்டு பேர் நகர்ந்து உட்காருவார்கள். இவளோ அதே பந்தியில் பரிமாறுவாள். எங்கள் பாஷை, எங்கள் சாமி. "நம்ம புள்ளைங்க" என்று ஊரே உச்சுக் கொட்டும். ஆனால் அவள் மகளுக்கு எங்கள் தெருவில் யாராவது பெண் கேட்டு வருவானா? வர மாட்டான். "பேப்பர் இல்லாத இடம்" என்பான். ஒருத்தனுக்கு அட்டை இருக்கிறது, வாய் இல்லை. ஒருத்திக்கு வாய் இருக்கிறது, அட்டை இல்லை. இதில் யார் பாடு மேல் என்று என்னைக் கேட்டால் எனக்குத் தெரியாது. என் மச்சான் சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருக்கிறான். அங்கே அவன்தான் தபன் என்பது மட்டும் தெரியும்.

கடைத்தெருவில் டீக்கு நிறுத்தினேன். நாகநாதன் பெஞ்சில் இருந்தார். எனக்குப் பக்கத்து வயல்காரர், வாய் சும்மா இருக்காது.

"என்னா இளையபெருமாளு, ஒன் ஆளுவோ மூணு நாளு விரதமாமே?"

"ஆமாங்க. பூமிக்கு ஆகாதாம்."

"அது எப்புடிய்யா? போன வருசம் இதே தேதிக்கு என் வயல்லல்ல நின்னானுவோ. எம் பேரன் பொறந்த நாளு, முட்டாய் கொண்டுபோய் வரப்புல குடுத்தேன். அப்ப பூமி நல்லாத்தானே இருந்துச்சு?"

டீ கிளாசை பெஞ்சில் வைத்தேன். அவர் வயலுக்கு அனுப்பியது நானேதான், தேதியை யார் நினைவில் வைத்தது? வண்டிக்குள் யோகராணியைப் பார்த்தேன். அவளுக்கும் தெரியாது, முகத்திலேயே தெரிந்தது.

நேராகக் கொட்டகைக்கு விட்டேன். தபன் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தான்.

"ஏண்டா, போன வருசம் நாகநாதன் வயல்ல நட்டியே. அப்ப ஒம் பாச்சி எங்கடா போச்சு?"

அவன் துணியைக் கொடியில் நன்றாக இழுத்துவிட்டான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

"அம்புபாச்சி உண்மை அண்ணா. எங்க ஊர்ல யாரும் நடாது. வெளிய வந்தா நாங்க நடும். பூமி மா கோவிக்காது. இந்த வருசம் அக்காவுக்கு செக்கிங். நீங்க விடாது. அன்னிக்கி தம்பிக்கு அக்கா உக்காந்தா. இன்னிக்கி நாங்க உக்காந்தது."

ரெண்டு ஆள் குறையக் கூடாது என்று நான் பிடிவாதம் பிடித்தேன். மொத்த செட்டையும் மூன்று நாள் உட்கார வைத்துவிட்டான் பயல். கூலி இல்லாமல்தான் உட்கார்ந்தார்கள், அதையும் சொல்ல வேண்டும். யோகராணி வண்டியை விட்டு இறங்காமல் அங்கேயே இருந்தாள். அழுதாளா என்று நான் பார்க்கவில்லை. பார்க்கிற இடத்தில் நான் நிற்கவில்லை.

"அப்பன்னா நாளைக்கி எறங்குறியா?" என்று முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டேன்.

"நாளைக்கி ஒரு நாள் இருக்கு அண்ணா," என்றான். "சொன்னது சொன்னது. மா பேர்ல சொன்னது."

மூன்றாம் நாளும் நாற்று வயலைப் பார்த்துக்கொண்டு நின்றது. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் எல்லாரும் வரப்பில் நின்றார்கள். தபன் மட்டும் முதலில் குனிந்து, ஈர மண்ணைத் தொட்டு நெற்றியில் வைத்து, என்னவோ முணுமுணுத்தான். என்ன சொல்கிறான் என்று யோகராணியைக் கேட்டேன்.

"மன்னிப்புக் கேக்கிறான் அண்ணை. எனக்காகப் பூமித்தாயின்ர பேரைச் சொன்னதுக்கு."

"கேட்டது போதும், நடச் சொல்லு," என்றேன். "நாத்து கெழடாயிட்டு."

அவள் வங்காளத்தில் சொன்னாள். அவன்கள் இறங்கினார்கள். அவள் அடுப்புப் பக்கம் போனாள். இரவு தூறல் போட்டிருந்தது, விறகு ஈரம். ஒரே குச்சி.